எட்டு நொடியில் தீர்ந்துபோகும் வயலின்

பிரான்ஸின் பிரெத்தோன் மக்களிடம், கடலில் மூழ்கிப்போன ஒரு நகரத்தைப் பற்றிய பழங்கதை உண்டு. அந்த நகரத்தின் பெயரில் இத்தாலியின் நேப்பிள்ஸைச் சேர்ந்த 'இல் பாலெட்டோ தி ப்ரோன்ஸோ' ராக் இசைக்குழு 1972இல் வெளியிட்ட ஆல்பம் 'ஈஸ்'. பல வருடம் கழித்து ஹெட்போனில் மறுபடி கேட்டேன். வார்த்தையில்லாத பெண் குரல்களில் தொடங்குகிறது. பிறகு ஜான்னி லியோனேயின் கீபோர்டுகள் சூழ்ந்துகொள்கின்றன. கிட்டாரும் இருக்கிறது, ஆனால் ராஜ்யம் கீபோர்டுடையது.

அதில் வரும் மெல்லோட்ரான் என்ற கீபோர்டு ஒரு விசித்திரப் பெட்டி. வயலின் கூட்டம் போல ஒலிக்கும், ஆனால் சின்தசைசர் அல்ல. 1970களில் பரவலாக இருந்த எம்400 மாடலில் 35 கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் தனியாக ஒரு காந்த நாடா. ஒவ்வொரு ஸ்வரமும் நிஜக் கருவியில் வாசித்துப் பதிந்தது. கட்டையை அழுத்தினால் நாடா சுழலும் தண்டோடு ஒட்டிக்கொண்டு, நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டை உரசியபடி ஓடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைத் தொடக்கத்துக்கே இழுத்துவிடும். நாடா ஓடுவது ஏறக்குறைய எட்டு நொடி. அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் மௌனம்தான். முனைகளை ஒட்டி வளையமாக்கியிருக்கலாமே? ஆக்கினால், வில் தந்தியைத் தொடும் அந்த முதல் கீறல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

எல்லா நாடாவையும் இழுப்பது ஒரே மோட்டார். கட்டைகளை அள்ளி அழுத்தினால் அது திணறும், சுருதி தள்ளாடும். கோளாறுதான், ஆனால் எனக்கு அந்தத் தள்ளாட்டமே இந்த ஆல்பத்தின் இருட்டு.

இன்னொரு இருட்டு நம் காதுக்குள் இருக்கிறது. 440, 466 ஹெர்ட்ஸ் ஸ்வரங்கள் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு 26 முறை ஒலி ஏறி இறங்கும். இரண்டும் உட்காதின் சவ்வில் ஏறக்குறைய ஒரே இடத்தை அசைப்பதால், தனித்தனியாகப் பிரியாமல் கரகரப்பாகக் கேட்கும். லியோனே இப்படி இடித்துக்கொள்ளும் ஸ்வரங்களைத் தயங்காமல் அடுக்குகிறார்.

கீழ் ஸ்தாயியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஸ்வரங்களுக்கு இடையே உள்ள ஹெர்ட்ஸ் வித்தியாசமே குறைவு. 110 ஹெர்ட்ஸில் தொடங்கினால், வழக்கமாக இனிமையாகச் சேரும் ஸட்ஜமும் (ச) அந்தர காந்தாரமும்கூட (க) நொடிக்குச் சுமார் 28 முறை மோதும். ஆர்மோனியம் இருந்தால் சோதித்துப் பாருங்கள்: அதே ஜோடியை முதலில் வலது கோடியில் அழுத்துங்கள், பிறகு இடது கோடியில். வலப்பக்கம் தேன், இடப்பக்கம் உறுமல்.