பழநிக்கு நடந்த கால் வெள்ளியங்கிரிக்குப் போதுமா?

மாசி பிறந்ததும் காரைக்குடியில் எங்கள் பிசியோதெரபி மையத்துக்கு கோவைப் பக்கம் ஏழு மலை தாண்டிப் போகும் வெள்ளியங்கிரி ஏறிவிட்டு வந்தவர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். வாசலில் இருப்பது மூன்றே படி. திரும்பிப் போகும்போது அதில் நேராக இறங்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார்கள். கேட்டால், "பழநிக்கு வருஷா வருஷம் நடக்கிற காலு சார், ஏழு மலை என்ன பண்ணிடும்னு நினைச்சேன்" என்பார்கள்.

பழநி நடை பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் குன்றக்குடி, சிங்கம்புணரி என்று போகிற அந்த வழி பெரும்பாலும் சமதளச் சாலை. மலையில் இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் அழுத்தம் விழும். அந்த வேலைக்குத்தான் நம் கால் பழகவில்லை. வலியும் உடனே தெரியாது, இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். போன வருடம் வந்த ஒருவருக்கு இரண்டு கட்டைவிரல் நகமும் கருத்துப்போயிருந்தன, தளர்வான ஷூவுக்குள் கால் முன்னால் சறுக்கி வழி முழுக்க இடித்திருக்கிறது.

தசைவலி ஒரு வாரத்தில் போய்விடும். எனக்குப் பயமெல்லாம் நெஞ்சைப் பற்றித்தான். ஒவ்வொரு சீசனிலும் அங்கே மூச்சுத்திணறி, நெஞ்சுவலி வந்து இறந்தவர்கள் செய்தியைப் படிக்கிறோம். மேலே காற்று குறைவு என்று பலர் சொல்கிறார்கள், ஆனால் உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான், வெள்ளியங்கிரி அவ்வளவு உயரம் இல்லை. ராத்திரி முழுக்க வேனில் தூங்காமல் போய், இறங்கின கையோடு ஏறத் தொடங்குகிறோமே, அப்போது இதயத்தின் மேல் விழுகிற சுமைதான் ஆபத்து. பிரஷர், சுகர், இதய மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைப் பார்க்காமல் கிளம்பவே வேண்டாம். விரதம் என்று சாப்பிடாமல் சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ஏறினால் பாதி வழியில் கை நடுங்கி, வியர்த்து, மயக்கம் வரலாம், பையில் சர்க்கரையோ வெல்லமோ இருக்கட்டும். நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ இழுக்கிற வலி, திடீர் வியர்வை வந்தால் அங்கேயே உட்காருங்கள், "இன்னும் ஒரு மலைதானே" என்று கூட வருபவர்கள் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

சரி, பயிற்சிக்கு எங்கே போவது? குன்றக்குடி முருகன் கோயில் படி இருக்கிறதே. ஆறு வாரம், வாரம் மூன்று நாள் ஏறுங்கள், முக்கியமாக மெதுவாக இறங்குங்கள். அது பழகினதும் ஒருநாள் சிங்கம்புணரி பக்கத்துப் பிரான்மலை உச்சிக்குப் போய்ப் பாருங்கள், கரடுமுரடான பாறை வழி எப்படி இருக்கும் என்று அங்கே தெரிந்துவிடும். வெள்ளியங்கிரி போனதும், பூண்டி அடிவாரத்தில் விற்கிற மூங்கில் கம்பை அவசியம் வாங்குங்கள், இறங்கும்போது முழங்கால் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும்.

நகம் கருத்து வந்தவர் இப்போது வாராவாரம் குன்றக்குடி போகிறார். போன வாரம் எங்கள் மூன்று படியில் சுவரைத் தொடாமல் இறங்கிப் போனார்.