25 மி.மீட்டரில் மூன்று காசு

கூட்ட நேரத்து மாநகரப் பேருந்தில் கண்டக்டர் காசைப் பார்ப்பதில்லை. தோல்பைக்குள் கைவிட்டு, தடவிப் பார்த்தே ஒன்றா இரண்டா என்று எடுக்கிறார். அந்த விரல் ஏமாந்தால் தப்பு விரலில் இல்லை.

1992 முதல் அடித்த எஃகு ஒரு ரூபாயின் விட்டம் 25 மி.மீ., எடை 4.85 கிராம். 2011-இல் வந்த இரண்டு ரூபாய்க்கும் அதே எஃகு, அதே 25 மி.மீ., அதே 4.85 கிராம்! சல்லடையில் சலித்தாலும் இரண்டும் ஒரே துளையில்தான் விழும். காந்தம் இரண்டையும் இழுக்கும். விட்டம், எடை, உலோகம் இவற்றை வைத்துக் காசைத் தரம்பிரிக்கும் எந்திரமும் இங்கே குழம்பும். மிச்சமிருப்பது மேலே அடித்த எண் மட்டும்.

கோயம்பேட்டில் சில்லறையைத் தராசில் போட்டு எண்ணுபவருக்கு வேறொரு தொல்லை. 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், நூறு காசு 379 கிராம். அந்த நூறில் பத்து பழைய 4.85 கிராம் காசாக இருந்தால் 389.6 கிராம் ஆகிவிடும். தராசுக் கணக்கில் 103 ரூபாய். கையில் இருப்பதோ நூறுதான். 2019 வரிசையில் அதே ஒரு ரூபாய் 3.09 கிராமுக்கு இறங்கிவிட்டது. ஆகவே முதலில் ஆண்டைப் பார்த்துப் பிரித்துவிட்டு நிறுப்பதே சரி. (ஆண்டின் கீழே நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத் நாணயச்சாலையில் அடித்த காசு, புள்ளி இருந்தால் நொய்டா. சென்னைத் தங்கசாலைத் தெருவின் நாணயச்சாலையை 1869-இலேயே மூடிவிட்டதால் சென்னைக்கென்று குறி இல்லை.)

காசு ஏன் இப்படி இளைக்கிறது? உலோக விலை. பழைய ஐந்து ரூபாய் 9 கிராம். அதில் செம்பு 6.75, நிக்கல் 2.25 கிராம். உலோகத்தின் விலை முகமதிப்பைத் தாண்டினால் காசு கடைக்குத் திரும்பாது, உலைக்குப் போய்விடும். அதைக் கடத்திப்போய் சவர பிளேடு செய்கிறார்கள் என்று அன்று பேச்சு அடிபட்டது. பிளேடுக்கு அந்தக் கலவை மிருது. உருக்கி விற்கத்தான் உதவும். பிறகு வந்த ஐந்து ரூபாய், விட்டம் 23 மி.மீ. மாறாமல் 6 கிராமாக மெலிந்தது.

2019 வரிசையில் இரண்டு ரூபாய்க்கு அந்த 23 மி.மீ. போய்ச் சேர்ந்தது, ஐந்து ரூபாய் 25-க்கு ஏறியது. நல்லவேளை, அது பித்தளை மஞ்சள், 6.74 கிராம் கனம். பார்வையற்றவர்களை மனத்தில் வைத்துச் செய்த வரிசை இது. பத்தும் இருபதும் 27 மி.மீ. என்றாலும், இருபதுக்கு வட்டம் கிடையாது, 12 பக்கம். விளக்கெரியாத பேருந்திலும் மூலை விரலில் தட்டுப்படும்.