காட்டுக்கழுதை: கோவேறு கழுதை அன்று

சேலத்தில் மெய்ப்புத் திருத்தும் எனக்கு அண்மையில் வந்த சிறுவர் நூலொன்றில், குஜராத்தின் சின்ன ரண் உப்புவெளியில் வாழும் காட்டுக்கழுதையைக் ‘கட்ச் கோவேறு கழுதை’ என்று எழுதியிருந்தார்கள். இதே பிழையை நான் திருத்துவது இது மூன்றாம் முறை.

‘கழுதை’ கன்னடத்தின் கத்தெ, தெலுங்கின் காடித ஆகியவற்றுக்கு உறவுச்சொல். புறநானூறு ‘வெள்வாய்க் கழுதை’ என்று அதன் முகத்தையே காட்டிவிடுகிறது. கோவேறு கழுதை வேறு. அது ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கலப்பு, பழந்தமிழில் அத்திரி, சிலப்பதிகாரத்தில் கோவலன் கடலாடச் செல்வது அதன்மேல்தான். சோடி சேராத 63 குரோமோசோம்கள் கொண்ட அது அநேகமாக ஈனுவதே இல்லை. அப்படியிருக்க, அந்த நூலின் அடுத்த பக்கத்திலேயே ‘இவை மழைக்காலத்தில் குட்டி ஈனும்’ என்ற வரி எப்படி நிற்கும்?

பிழையின் வேர் ரண் விலங்கின் அறிவியற்பெயரில் இருக்கிறது. அதிலுள்ள ‘ஹெமியோனஸ்’ என்பது ‘பாதிக் கழுதை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்; கிரேக்கர் அதைக் கோவேறு கழுதைக்கும் வழங்கினர். அகராதியில் அதைக் கண்டவர், விலங்கின் படத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை. திருமணிமுத்தாற்றங்கரையில் பொதி சுமந்து நிற்கும் கழுதையின் தோளில் முதுகுக்கோட்டைக் குறுக்கே வெட்டும் கருங்கோடு தெரியும். அது ஆப்பிரிக்க மூதாதையின் அடையாளம். ரண் விலங்குக்கு மணல்நிற உடல், வெண்ணிற வயிறு, குத்திட்ட பிடரி, இருபுறமும் வெள்ளை விளிம்புகொண்ட கரும்பழுப்பு முதுகுக்கோடு. தோளில் பெரும்பாலும் குறுக்குக்கோடு இராது. காதும் வீட்டுக்கழுதையின் காதைவிடச் சிறியது.

‘உப்புவெளியில் காடு ஏது, பாலைக்கழுதை என்போம்’ என்று வாதிட்டார் நூலின் மொழிபெயர்ப்பாளர். காடு என்றால் மரம் அடர்ந்த இடம் மட்டுமே என்று கொள்வது நகரத்துத் தமிழ். எங்கள் பக்கத்தில் சோளக்காடும் மேட்டுக்காடும் உழவர் நிலங்கள். காலையில் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்பவர் கையில் மண்வெட்டி இருக்கும். அதோடு, காட்டுப்பன்றி, காட்டுப்பூனை என்னும்போது ‘காட்டு’ என்பது மனிதர் பழக்காதது என்றே பொருள்படுகிறது. லடாக்கின் குளிர்ந்த மேட்டுப்புல்வெளியில் மேயும் கியாங்கும் இந்த விலங்கின் நெருங்கிய உறவு; அதைப் ‘பாலை’ எப்படித் தாங்கும்? பழகிய சொல் இருக்க, புதுச்சொல் ஆக்குவதைத் தமிழ்த்தொண்டு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லா இடத்திலும் ‘இந்தியக் காட்டுக்கழுதை’ என்று திருத்தி அனுப்பினேன். ‘அத்திரி’யை, இமயத்தில் படையினருக்குச் சுமை தூக்கும் விலங்கைப் பற்றிய அத்தியாயத்தில் சேர்த்துவிட்டேன்.