மகாராணி முத்திரையைக் குப்பையில் போடாதீர்கள்

போன வெள்ளிக்கிழமை ஓர் அம்மா பிரித்தானியாவில் உள்ள எங்கள் தபால் கந்தோருக்கு வந்தார். கணவரின் அந்தியேட்டி அழைப்பு அனுப்ப நாற்பது முத்திரை வேண்டும் என்றார். எண்ணிக்கொண்டிருக்கும்போது, "அவற்ற லாச்சிக்குள்ள ஆறு புத்தகம் முதலாம் வகுப்பு முத்திரை கிடந்தது தம்பி. மகாராணி செத்திட்டா, இனிச் செல்லாதெண்டு மகன் நேற்றுக் குப்பைக்குப் போட்டிட்டான்" என்றார். வண்டி வந்து எடுத்துக்கொண்டும் போய்விட்டதாம்.

புத்தகத்துக்கு 12 வீதம் 72 முத்திரை. முதலாம் வகுப்பு முத்திரை (விரைவாகப் போகும் கடிதத்துக்கானது) 2025 ஏப்ரலில் 1 பவுண் 70 பென்ஸ் ஆனது. அந்த விலைக்குப் பார்த்தாலும் 122 பவுணுக்கு மேல். அந்த அம்மாவிடம் நாற்பது முத்திரைக்குக் காசு வாங்கவே எனக்குக் கை வரவில்லை. இந்த மாதத்தில் இப்படிச் சொல்லி வந்த மூன்றாவது ஆள் அவர்.

மகாராணி இறந்ததற்கும் முத்திரை செல்லாமல் போனதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எலிசபெத் மகாராணி காலமானது 2022 செப்ரெம்பர் 8. பார்கோட், அதாவது இயந்திரம் வாசிக்கும் கட்டக் குறி, இல்லாத சாதாரண முத்திரைகளை நிறுத்தப்போவதாக, இங்கே கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனமான ரோயல் மெயில் அறிவித்தது அதே ஆண்டு பெப்ரவரியில், அவர் உயிரோடு இருந்தபோது. முதலில் வந்த பார்கோட் முத்திரைகளிலும் அவருடைய தலைதான் இருந்தது. மன்னர் சார்ள்ஸின் தலை போட்ட சாதாரண முத்திரை 2023 ஏப்ரலில்தான் வந்தது. ஆகவே யாருடைய முகம் என்று பார்க்காதீர்கள், பக்கத்தில் பார்கோட் இருக்கிறதா என்று பாருங்கள். மகாராணி முகமும் பார்கோடும் இருந்தால் அது இன்றைக்கும் செல்லும், பேசாமல் ஒட்டி அனுப்பலாம். அதையும் கிழித்துப் போட்டுவிட்டு வந்து புதிது கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

பார்கோட் இல்லாமல், ஒரே நிறத்தில், மகாராணியின் தலை மட்டும் போட்ட சின்ன முத்திரைதான் செல்லாமல் போனது. முதலில் 2023 ஜனவரி 31 என்றார்கள், பிறகு ஜூலை 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். அந்த முத்திரையை ஒட்ட முடியாது, ஆனால் அதன் பெறுமதி அழியவில்லை. ரோயல் மெயிலுக்கு அனுப்பினால் அதே பெறுமதிக்குப் பார்கோட் முத்திரை தருவார்கள். இந்த மாற்றுத் திட்டம் 2022 மார்ச் 31இல் தொடங்கியது. முடிவுத் திகதி வைக்கவில்லை.

படம் போட்ட முத்திரைகளின் கதை வேறு. நினைவு முத்திரை, நத்தார் முத்திரை எல்லாம் பார்கோட் இல்லாவிட்டாலும் இப்போதும் செல்லும். அவற்றின் மூலையிலும் மகாராணியின் தலை சின்னதாக இருப்பதால் ஆட்கள் குழம்பிப்போகிறார்கள். கவுண்டருக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள்கூடத் தடுமாறுவதுண்டு. அவற்றை மாற்ற அனுப்ப வேண்டாம், அப்படியே ஒட்டுங்கள். 1971 பெப்ரவரி 15இல் காசு முறை மாறுவதற்கு முந்திய ஷில்லிங், பழைய பென்னி முத்திரைகளுக்கு மட்டும் இதில் இடமில்லை. அவற்றைச் சேகரிப்பவர்களிடம் காட்டுங்கள்.

"பழைய விலைக்குத்தானே மாற்றித் தருவினம்?" என்று கேட்கிறார்கள். விலை போடாமல் வகுப்பை மட்டும் அச்சிட்ட முத்திரை 1989இல் வந்தது. அப்போது முதலாம் வகுப்பு 19 பென்ஸ். அன்றைக்கு வாங்கி வைத்தது லாச்சிக்குள் கிடந்தால், இன்றைக்கும் அது ஒரு முதலாம் வகுப்பு முத்திரைதான். முதலாம் வகுப்புக்கு முதலாம் வகுப்பு கிடைக்கும். பென்ஸ் விலை போட்டவற்றுக்கு அந்தத் தொகையைக் கூட்டித் தருவார்கள். காசாகத் தர மாட்டார்கள், கேட்டுப் பயனில்லை.

தயவுசெய்து முத்திரைகளைக் கொண்டுவந்து எங்கள் கவுண்டரில் கொட்டாதீர்கள். கவுண்டர் நடத்தும் போஸ்ட் ஒபிஸும் கடிதம் கொண்டுபோகும் ரோயல் மெயிலும் 2012இலேயே பிரிந்துவிட்டன. மாற்றித் தரும் அதிகாரம் எங்களிடம் இல்லை. ரோயல் மெயிலின் இணையத்தளத்தில் படிவம் இருக்கிறது. 200 பவுண் வரைக்கும் ஒரு படிவம், அதற்கு மேல் வேறு படிவம். நிரப்பி, முத்திரைகளோடு உறையில் வைத்து, படிவத்தில் உள்ள விலாசத்துக்கு அனுப்புங்கள். அனுப்ப முன் எண்ணி எழுதிவையுங்கள், கைபேசியில் ஒரு படம் எடுங்கள். எங்களிடம் கொண்டுவந்து அனுப்பினதற்கான சான்று கேளுங்கள், அது இலவசம். இவ்வளவு செய்யச் சோம்பல்பட்டுவிட்டுப் பிறகு, "காணாமல் போச்சு, எத்தனை வைத்தேன் தெரியாது" என்று வந்து நின்றால் நான் என்ன செய்ய?

அப்புறம், பழையதையே ஒட்டி அதிர்ஷ்டத்தைப் பார்க்காதீர்கள். மாட்டினால் கட்டணம் கடிதம் பெறுகிறவர் தலையில் விழும். ஒரு கலியாண அழைப்புக் கட்டுக்கு இப்படி நடந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா காசு கட்டித்தான் அழைப்பிதழை எடுத்தார். அந்த வீட்டார் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கேள்வி.

பார்கோட் முத்திரையை உரிக்கும்போது படத்தை மட்டும் உரித்துப் பார்கோடைத் தாளிலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்துதான் ஒரு முத்திரை. இணையத்தில் பாதி விலைக்கு விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். கள்ள முத்திரை அப்படித்தான் வருகிறது. உங்கள் பழைய முத்திரைகளையும் பாதி விலைக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள். வாங்குகிறவர் அவற்றை முழுப் பெறுமதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அம்மா அப்பாவின் லாச்சியைத் துப்புரவாக்க முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், பழைய கடவுச்சீட்டுக்குள், விலாசப் புத்தகத்தின் மடிப்புக்குள் எல்லாம் முத்திரை இருக்கும். வயது போனவர்களுக்கு இணையத்தில் படிவம் தேடி எடுப்பது கஷ்டம், நீங்களே அச்சடித்துக் கொடுங்கள். வீட்டில் அச்சுப்பொறி இல்லையென்றால் எங்கள் கவுண்டருக்கு வரச் சொல்லுங்கள். சில படிவங்களை அச்சடித்து வைத்திருக்கிறேன், நிரப்பவும் கூட இருந்து உதவுகிறேன்.