பொன்னாடைக்கு முன் உதவித்தொகை: ஆய்வுப் பணியாளர்களை நாம் நடத்தும் விதம்

தேசிய அறிவியல் தின விழாவில் பொன்னாடை போர்த்தி, சிறந்த இளம் ஆய்வாளர் என்று கேடயம் வழங்கிக் கௌரவிக்கப்பட்ட ஒரு பெண், அடுத்த மாதமே ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டார். மேடையில் அவரைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள்; அவருக்கு அக்டோபரிலிருந்து உதவித்தொகை வரவில்லை என்பது அந்த மூவருக்கும் தெரிந்தே இருந்தது. பல்கலைக்கழக ஆராய்ச்சித் திட்டங்களின் நிதி மற்றும் நியமனக் கோப்புகளைப் பார்ப்பதே தொழிலாக இருப்பதால் இப்படிப்பட்ட ராஜினாமாக் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் இந்த முறை, அந்தக் கடிதத்தின் மேல் அவருடைய துறைத் தலைவர் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று குறிப்பு எழுதி அனுப்பியிருந்ததைப் படித்தபோது, இதைப் பற்றி வெளிப்படையாக எழுதுவது என்று முடிவு செய்தேன்.

நான் இங்கே பேசுவது ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவர்), எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவர்), ரிசர்ச் அசோசியேட், ப்ராஜெக்ட் அசோசியேட் என்று பல பெயர்களில், பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில், ஆய்வகங்களிலும் நூலகங்களிலும் களத்திலும் பணியாற்றும் இளம் ஆய்வாளர்களைப் பற்றி. இவர்களைப் பற்றி நம் அலுவலகங்களில் நிலவும் ஒரு கருத்துதான் மற்ற எல்லாக் குறைகளுக்கும் அடிப்படை என்று நான் நினைக்கிறேன். ‘படிக்கிற பிள்ளைகள்தானே, ஸ்டைபண்ட்தானே, சம்பளமா என்ன, இரண்டு மாதம் தாமதமானால் என்ன குடி முழுகிவிடும்?’ என்று நன்கு படித்தவர்களே சொல்கிறார்கள். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், ஒருமுறை எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாவதாக, அவர்கள் பிள்ளைகள் அல்லர். முதுகலை முடித்து, நெட் அல்லது கேட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் தேறி வருபவர்கள் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் சேர்ந்து முப்பதைத் தாண்டியும் இதே பணியில் இருக்கிறார்கள். வாடகை, கல்விக் கடன் தவணை, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய பணம், சிலருக்குக் குழந்தை என எல்லாமே இந்த ஒரு தொகையை நம்பித்தான் நடக்கின்றன. இரண்டாவதாக, முழுநேர ஆய்வாளராகச் சேரும்போது, வேறெந்த ஊதியப் பணியும் பார்க்கமாட்டேன் என்று அவர்களிடம் எழுதி வாங்குகிறோம். வேறு வழியில் சம்பாதிக்கக் கூடாது என்று கையைக் கட்டிவிட்டு, கொடுக்க வேண்டியதையும் மாதக்கணக்கில் கொடுக்காமல் வைத்திருப்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை. மூன்றாவதாக, எப்போது வசதியோ அப்போது மட்டும் அவர்களை மாணவர் என்கிறோம். காலையில் விரல்ரேகைப் பதிவு வைக்கச் சொல்லும்போது ஊழியர். விடுப்பு கேட்டால் மாணவர். வரி பிடிக்கும்போது ஊழியர். பணம் தாமதமாகும்போது மாணவர். கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முன் ஆறு மாதம் கோப்பு தயாரிக்கவும், நள்ளிரவு வரை எக்செல் தாளில் ஐந்து வருடப் புள்ளிவிவரம் நிரப்பவும் மட்டும் அவர்கள் ‘நம் துறையின் முதுகெலும்பு’. வாரத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை பயிற்சி வகுப்பு, ஆய்வக வகுப்பு, மதிப்பீடு ஆகியவற்றில் முனைவர் பட்ட ஆய்வாளர்களை ஈடுபடுத்தலாம் என்றுதான் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறை சொல்கிறது. நெறியாளர் வீட்டுக்கு ரயில் டிக்கெட் எடுப்பது அந்தக் கணக்கில் வராது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான்காவதாக, இதுதான் முக்கியம்: அந்தப் பணம் யாருடைய கருணையும் அல்ல. ஒரு திட்ட முன்மொழிவை எழுதும்போது, இத்தனை பேர் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்று திட்டத்தை நடத்தும் பேராசிரியரான முதன்மை ஆய்வாளரே நியாயப்படுத்தி எழுதித்தான் மனிதவளத் தலைப்பில் தொகை கேட்கிறார். நிதியளிக்கும் நிறுவனம் அதை ஏற்று, அந்தத் தலைப்பின் கீழ்த் தனியாக ஒதுக்குகிறது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆணைப்படி 1.1.2023 முதல் மாதத்துக்கு ஜேஆர்எஃப் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் 42,000 ரூபாய், ரிசர்ச் அசோசியேட்டுகளுக்கு நிலைக்கு ஏற்ப 58,000, 61,000, 67,000 ரூபாய், இவற்றோடு வீட்டு வாடகைப்படி. அதற்கு முன் ஜேஆர்எஃப்புக்கு 2019இல் நிர்ணயித்த 31,000 ரூபாய்கூடத் தானாக வந்துவிடவில்லை. நாடு முழுவதும் ஆய்வாளர்கள் வீதிக்கு வந்து போராடிய பிறகே வந்தது. அப்படிப் பெற்ற தொகையை, ‘நான்தானே வாங்கித் தந்தேன்’ என்று சொல்லி அதில் பங்கு கேட்கும் நெறியாளர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் லஞ்சம் என்பதைத் தவிர இதில் விளக்க எதுவும் இல்லை.

தாமதத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், ‘டெல்லியிலிருந்து பணம் வரவில்லை’ என்பது. சில நேரங்களில் அது உண்மை. நிதி வழங்கும் முறையே மாறி, ஜீரோ பேலன்ஸ் கணக்கு, பிஎஃப்எம்எஸ் என்னும் மத்திய அரசின் இணையவழி நிதி மேலாண்மை முறை என்று வந்த பிறகு, உண்மையிலேயே மேலிருந்து தாமதமான மாதங்கள் உண்டு. ஆனால் என் மேசைக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவற்றைத் தோண்டிப் பார்த்தபோது, டெல்லி என்பது இரண்டு அறை தள்ளி இருந்தது. நெட் தேறிய ஜேஆர்எஃப் ஒருவருக்கு யுஜிசியின் தொகை எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு மாதமும் அவர் பணியில் இருக்கிறார் என்பதை, அவர் படிக்கும் நிறுவனத்தில் மேக்கர் என்று நியமிக்கப்பட்டவர் இணையதளத்தில் பதிய வேண்டும். செக்கர் என்பவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். செக்கர் பதவியில் இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், புதியவரின் பெயரில் கடவுச்சொல் மாற்றவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கல்லூரியில் அத்தனை ஆய்வாளர்களும் ஒரு பருவம் முழுக்கப் பணமில்லாமல் இருந்தார்கள். எல்லோரும் டெல்லியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

திட்டப் பணியாளர்களின் கதை வேறு. மார்ச் 31இல் நிதியாண்டு முடிந்ததும், செலவுக் கணக்கும், பணம் உரிய வேலைக்கே செலவானது என்னும் பயன்பாட்டுச் சான்றிதழும் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த ஆண்டுத் தவணை வரும். அந்தச் சான்றிதழில் முதன்மை ஆய்வாளர், நிதி அலுவலர், நிறுவனத் தலைவர் ஆகியோர் கையெழுத்திட வேண்டும். மீதித் தொகை ஒரு ரூபாய் இடித்தாலும், வட்டியைத் திருப்பிச் செலுத்தவில்லை என்றாலும் கோப்பு திரும்பி வரும். ஏப்ரலில் அனுப்ப வேண்டியதை ஆகஸ்டில் அனுப்பும் பேராசிரியரை நான் குறைசொன்னால், ‘எனக்கு வகுப்பு இருந்தது சார்’ என்கிறார். அவருடைய சம்பளம் மாதக் கடைசி நாளில் வந்துவிடுகிறது. அவருடைய கையெழுத்துக்குக் காத்திருப்பவருக்குத்தான் ஐந்து மாதம் சம்பளமில்லை. (எங்கள் நிதிப் பிரிவும் இதில் புனிதமானது அல்ல. ஒரே ஒரு கேள்வியைக் குறிப்பாக எழுதி ஒரு கோப்பைப் பத்து நாள் நகராமல் வைக்கும் கலை எங்களிடம் நெடுங்காலமாக உண்டு.)

இவற்றைச் சரிசெய்யப் புதிய திட்டமோ குழுவோ தேவையில்லை. பயன்பாட்டுச் சான்றிதழுக்கான கணக்கை மார்ச் முதல் வாரத்திலேயே சரிபார்த்து வையுங்கள். மேக்கரும் செக்கரும் விடுப்பில் போனால் மாற்று யார் என்பதை அலுவலக ஆணையாகப் போடுங்கள். நிறுவனத்தின் மேற்செலவு நிதி (ஓவர்ஹெட்) என்று ஒவ்வொரு திட்டத்திலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ளும் தொகை இருக்கிறதே, அதிலிருந்து முன்பணமாகச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, தவணை வந்ததும் ஈடுகட்டிக்கொள்ள விதி வகுக்கலாம். மனமிருந்தால் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் ஒரே கூட்டத்தில் முடிகிற வேலை இது. இரண்டு ஆண்டு முடிந்த ஜேஆர்எஃப்பை எஸ்ஆர்எஃப்பாக உயர்த்தும் மதிப்பீட்டுக் குழுவை, இரண்டாம் ஆண்டு முடிவதற்கு முந்தைய மாதமே கூட்டுங்கள். குழு உறுப்பினருக்குத் தேதி ஒத்துவரவில்லை என்று ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போடும்போது, அந்த ஆய்வாளருக்கு மாதம் 5,000 ரூபாய் நிலுவையாகிறது.

மகப்பேறு விடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘திட்டப் பணியாளருக்கு மெட்டர்னிட்டி லீவ் கிடையாது’ என்று பிரிவு எழுத்தர் வாய்மொழியாகச் சொல்லி, அதை நம்பி ஏழாம் மாதத்தில் வேலையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தவறு. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆணையிலேயே, மத்திய அரசின் விதிப்படியான மகப்பேறு விடுப்பு எல்லா நிலை ஆய்வாளர்களுக்கும் உண்டு என்று இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வாளராகப் பதிவு செய்த பெண்களுக்கு, ஆய்வுக்காலத்தில் 240 நாட்கள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்புத் தரலாம் என்று 2022 ஒழுங்குமுறையும் கூறுகிறது. தயவு செய்து, யாரும் வாய்மொழி மறுப்பை ஏற்றுக்கொள்ளாதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் மறுக்க எந்த அதிகாரிக்கும் பேனா எளிதில் எழும்புவதில்லை.

அடுத்தது பெயர். கட்டுரை வெளிவரும்போது, மாதிரிகளைச் சேகரித்து, கருவியில் ஓட்டி, வரைபடம் போட்டவர் நன்றியுரையில் கடைசி வரியில் இருப்பதும், அந்தக் கருவியைக் கண்ணால்கூடக் காணாத ஒருவர் இரண்டாம் ஆசிரியராக இருப்பதும் நமக்குப் பழகிப்போய்விட்டன. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஆய்வுக்குக் கணிசமான பங்களிப்பு, எழுத்தில் அல்லது திருத்தத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்றல் என்ற நான்கையும் சேர்த்தே ஆசிரியத்துவத்துக்கான தகுதியாகச் சொல்கிறது. துறைத் தலைவராக இருப்பது இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. யார் எந்த வரிசையில் என்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பாதி மனக்கசப்பு இல்லாமல் போகும்.

இதையெல்லாம் செய்த பிறகு கொண்டாடுங்கள். கொண்டாட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு செப்டம்பரிலும் முதுமுனைவர் ஆய்வாளர்களை, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிறகும் ஆய்வைத் தொடர்பவர்களைப் பாராட்டுவதற்கென்றே ஒரு வாரம் ஒதுக்குகிறார்கள். பிரிட்டனில் பல்கலைக்கழகங்கள் 2019இல் திருத்தி ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி, ஓர் ஆய்வாளருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 10 நாட்கள் அவருடைய தொழில் வளர்ச்சிக்கென்று தர வேண்டும். அங்கேயும் குறுகிய கால ஒப்பந்தம் என்ற குறை தீரவில்லை என்றாலும், வளர்ச்சிக்கான நேரம் என்பது தனியாகக் கேட்டுப் பெறும் சலுகையாக இல்லாமல் பணியின் பகுதியாக எழுதப்பட்டிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். இங்கே நாம் வைக்கும் ஃபிளெக்ஸ் பேனரில் துணைவேந்தர், பதிவாளர், புலத் தலைவர், நெறியாளர் ஆகியோரின் படங்களுக்குக் கீழே, விருது பெற்ற ஆய்வாளரின் பெயர் செல்லோடேப்பால் பாதி மறைந்திருக்கும்.

பாராட்ட விரும்பும் துறைத் தலைவர்கள், துறையின் இணையப் பக்கத்தில் ஆய்வாளர்களின் பெயரையும் அவர்கள் செய்யும் வேலையையும் போடுவதிலிருந்து தொடங்கலாம். அறிவியல் தினத்தன்று வெளியாட்களை அழைத்துப் பேசவைக்கும் ஒரு மணி நேரத்தில், அவர்களில் நான்கு பேரைத் தங்கள் ஆய்வைப் பற்றிப் பள்ளி மாணவர்களுக்குப் புரியும் தமிழில் பேசவைக்கலாம். யுஜிசி ஜேஆர்எஃப் பெறுபவர்களுக்கு ஆண்டுதோறும் இதரச் செலவுத் தொகை உண்டு. அறிவியலில் முதல் இரண்டு ஆண்டுகள் 12,000, பிறகு 25,000 ரூபாய். மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் 10,000, பிறகு 20,500 ரூபாய். தமிழ் இலக்கியத்தில் ஆய்வு செய்பவர் தஞ்சை சரஸ்வதி மகாலுக்கும் சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கும் போய்வர இதைப் பயன்படுத்தலாம் என்று எத்தனை நெறியாளர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்? அந்தத் தொகையில் துறைக்குப் பிரிண்டர் டோனர் வாங்கியதைத்தான் ரசீதுகளில் அதிகம் பார்க்கிறேன்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் உதவித்தொகைக்கோ திட்டத்துக்கோ நிதி ஒதுக்கிய அனுமதி ஆணையை நீங்களே ஒருமுறை முழுவதும் படியுங்கள். அது நெறியாளரின் பீரோவில் இருக்கும் ரகசியம் அல்ல. நியமன ஆணை, பணியில் சேர்ந்த அறிக்கை, வருகைச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். தொகை நிரப்பாத வவுச்சரில் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். உதவித்தொகை ஒரு மாதம் தவறியதுமே தேதியுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். ஐந்து மாதம் பொறுத்துவிட்டு வந்து அழுதால், அந்த ஐந்து மாதத்துக்கும் எங்கள் கோப்பில் ஒரு காகிதம்கூட இருப்பதில்லை. தாங்க முடியாத நெருக்கடியில் இருந்தால், நெறியாளர் என்ன நினைப்பாரோ என்று யோசிக்காமல், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

கடைசியாக, முதன்மை ஆய்வாளர்களுக்கு. திட்டம் முடியும் நாளன்று அனுபவச் சான்றிதழை அச்சிட்டுக் கையில் கொடுத்து அனுப்புங்கள். ‘இவர் என் திட்டத்தில் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்’ என்ற இரண்டு வரி அடுத்த நேர்காணலில் எதற்கும் உதவாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, திட்டத்தின் தலைப்பு, நிதியளித்த நிறுவனம், நியமனம் விளம்பரத்தின் வழியாக நடந்ததா என்பது, கையாண்ட கருவிகள் அல்லது தரவுகள் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். அவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்ட பிறகு, இந்த ஒரு காகிதத்துக்காக அரை நாள் விடுப்பு எடுத்துப் பேருந்து ஏறி வந்து உங்கள் அறை வாசலில் நிற்க வைக்காதீர்கள்.