உளுந்து வேரில் ரத்தச் சிவப்பு

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிசானப் பருவ நெல் அறுத்த வயலில் உளுந்து போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. கடையில் காட்டினேன், நூற்புழு என்று குருணை மருந்து கொடுத்துவிட்டார்கள். போடலாமா?"

கொஞ்சம் பொறுங்கள். ஒரு முடிச்சை விரலால் தள்ளிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்து, தள்ளியதும் உதிர்ந்தால் அது நூற்புழு இல்லை. நூற்புழு என்பது வேருக்குள் புகும் நுண்ணிய புழு. அது தாக்கினால் வேரே வீங்கியிருக்கும். வீக்கம் தனியாக உதிராது. சரி, உதிர்ந்த முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதா? மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கும் வீடு.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், ஆனால் பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று பள்ளியில் படித்திருப்போம். ரைசோபியம் அதை அமோனியாவாக மாற்றித் தருகிறது, செடி பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. எனக்கு இதில் அலுக்கவே அலுக்காதது அந்தச் சிவப்புதான்.

காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பவை. அவற்றைப் பிரிக்க உரத் தொழிற்சாலைக்கு 400 டிகிரி வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல 100 மடங்குக்கு மேல் அழுத்தமும் தேவைப்படுகின்றன. பாக்டீரியா வயல் மண்ணின் சூட்டிலேயே நைட்ரோஜினேஸ் என்ற நொதியை வைத்து முடித்துவிடுகிறது. ஆனால் அந்த நொதிக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது, பட்டால் கெட்டுப்போகும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். மூச்சுவிட்டால்தான் இந்த வேலைக்குச் சக்தி கிடைக்கும்.

இதற்குச் செடி கண்ட வழி லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினுக்குத் தூரத்துச் சொந்தம். ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீம் என்ற பகுதி இரண்டிலும் ஒன்றுதான், நடுவில் அதே இரும்பு, அதனால்தான் அதே சிவப்பு. முடிச்சுக்குள் நுழையும் ஆக்சிஜனை இது பிடித்து வைத்துக்கொண்டு, பாக்டீரியாவின் மூச்சுக்கு வேண்டியதை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நொதியைக் கெடுக்கும் அளவுக்கு ஆக்சிஜன் அங்கே தனியாகத் திரிவதில்லை. நம் நெஞ்சில் நடக்கும் காரியம் உளுந்து வேரிலும் நடக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

யூரியா தாராளமாகக் கிடந்தால் செடி முடிச்சுப் போடுவதையே குறைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மண்வள அட்டையில் தழைச்சத்து முதல் போரான் வரை 12 விவரங்கள் வருகின்றன. ஒரு கிராம் நல்ல மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும் பாக்டீரியாக்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. தாமிரபரணிப் பாசனத்தில் எந்த வயலில் எந்த ரைசோபியம் வாழ்கிறது என்று தேடிப் பார்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். அது வீண் செலவு ஆகாது.

பூக்கும் சமயத்திலும் முடிச்சின் உள்ளே வெள்ளையாகவே இருந்தால், அங்கே வேலை நடக்கவில்லை. அடுத்த தடவை விதைக்கும் முன் வேளாண்மை விரிவாக்க மையத்தில் ரைசோபியம் பாக்கெட் வாங்குங்கள். நன்றாக ஆறிய சோற்றுக் கஞ்சியில் கலந்து, விதையில் பிசறி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் அத்தனையும் செத்துப்போகும்.