கீசர் மாற்றும்போது கம்பியையும் கேளுங்கள்

கீசர் வாங்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை லிட்டர் என்பதைத்தான். உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியை, அதாவது அனோடு ராடை, பற்றிக் கேட்பவர் அரிது. தொட்டியின் ஆயுள் பெரும்பாலும் அதன் கையில்தான் இருக்கிறது.

எஃகுத் தொட்டியின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு பூசியிருப்பார்கள். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அதில் மயிரிழை விரிசல்கள் விழும். அந்த இடத்தில் தண்ணீர் பட்டு இரும்பு துருப்பிடிக்க வேண்டும். ஆனால் இரும்பைவிட மக்னீசியம் எலக்ட்ரான்களை எளிதில் இழக்கும். இரண்டும் ஒரே தண்ணீரில், ஒன்றோடொன்று தொடர்பில் இருப்பதால் மக்னீசியம் அரிபடுகிறது, இரும்பு தப்பிக்கிறது. கழற்றிய பழைய கீசரிலிருந்து அந்த அனோடு ராடை உருவிப் பாருங்கள். விரல் தடிமனில் இருந்தது, நடுவிலுள்ள எஃகுக் கம்பியும் அதில் ஒட்டிய வெள்ளைத் துணுக்குகளுமாக மிஞ்சியிருக்கலாம். அடுத்து தொட்டியின் முறை. அதனால் ராடை எளிதாகக் கழற்றி மாற்ற வழியுள்ள கீசராகப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

லிட்டர் கணக்கு சுலபம். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரம் வேண்டும். தண்ணீரைச் சூடாக்கும் 2 கிலோவாட் எலிமென்டுக்கு அரை மணி நேர வேலை. தண்ணீர் ஓட ஓடச் சூடாக்கும் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரில் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடவிட்டால் சூடு 14 டிகிரிதான் கூடும். குளிர்ப் பிரதேசத்தில் ஷவருக்கு அது காணாது.

பழைய ஒயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. 230 வோல்ட்டில் 2 கிலோவாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் என்றால் 13. பிளக் பாயின்ட் பழுப்பேறியோ இளகியோ இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்ப்பது கட்டாயம்.

பொருத்திய பிறகு சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டுகிறதே என்று சிலர் பதறி அடைத்துவிடுகிறார்கள். மிக ஆபத்தான காரியம் அது. 60 டிகிரிக்குச் சூடாகும்போது 25 லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 350 மில்லி பெருக்கும். உள்ளே வரும் வழியில் ஒருவழி வால்வு இருந்தால், பெருகிய தண்ணீர் வெளியேற வேறு இடமில்லை. சொட்டும் நீரை ஒரு குழாய் வைத்து வடிகாலுக்கு விட்டால் போதும்.

சுவிட்சைப் போட அவசரம் வேண்டாம். காலித் தொட்டியில் எலிமென்ட் சூடானால் சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் இருக்காது, சீக்கிரமே எரிந்துபோகும். சுடுநீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். காற்று புஸ் புஸ்ஸென்று வெளியேறி, தண்ணீர் சீராக விழத் தொடங்கிய பிறகு போடலாம்.